இரண்டரை மணித்தியாலம்

மூன்று நாற்பதுக்குப் பெட்டி கத்தியது.
பதினோராம் குழி, சிவப்பு விளக்கு.
தீவிர சிகிச்சை, கட்டில் ஏழு,
மரியதாஸ் எட்வின், ஐம்பத்திரண்டு, பாசையூர்.
குடல் கிழிந்து, தைத்து, பதினெட்டு நாள்.
கழுத்து நாளத்தில் ஒரு குழாய்.
பக்டீரியாவுக்கென்று ஏற்றிய மருந்தெல்லாம்
பக்டீரியாவைக் கொன்றன.
ஆளில்லாத வளவுக்குள்
யாரோ குடிவந்திருக்கிறார்கள்.

ஒரு துளி, ஊதாச் சாயம், எண்ணெய் வில்லை.
மதுவம்.
உழுந்துபோல் கலங்கள்; சிலவற்றின் தோளில்
இறங்க மாட்டேன் என்கிற பிள்ளைபோல
இன்னொன்று.

எந்த மதுவம் என்று கேட்பார்கள்.
கிண்ணத்தில் வளர ஒரு நாள் வேணும்.
எட்வினிடம் ஒரு நாள் இருக்கிறதோ தெரியாது.
பழைய வழி ஒன்று உண்டு, மலிவானது:
மனித நீர்ப்பாயத்தில் விட்டு
முப்பத்தேழு பாகையில் இரண்டரை மணித்தியாலம்.
இருப்பில் நீர்ப்பாயம் முடிந்திருந்தது.
போன கிழமை என் கையில் எடுத்துப் பிரித்தது
அரை மில்லிலீற்றர் கிடந்தது.
அப்படிச் செய்யச் சொல்லி
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வெளியே காங்கேசன்துறைக்கு முதல் பஸ்
கோர்ன் அடித்து ஆள் சேர்க்கிறது.
இது வெளியாள் இல்லை, அதுதான் பயம்.
எட்வின் பிறந்த கிழமையே
தாயிடமிருந்து அவர் வாய்க்குள் வந்திருக்கும்.
அவர் குடித்த கூழில், தின்ற கணவாயில்
பங்கெடுத்துக்கொண்டு
ஐம்பத்திரண்டு வருஷம் சத்தம் போடாமல் இருந்தது.
என் நாக்கிலும் இருக்கலாம்.

எட்டுச் சோடி நிறமூர்த்தம். அவ்வளவுதான்.
அவற்றிலும் அதற்குப் பெரிய பற்றில்லை.
மருந்து நெருக்கினால்
ஐந்தாவதின் ஒரு கையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும்.
மருந்து குறிவைக்கிற இலக்கும்,
உள்ளே வந்த மருந்தை
வெங்காயத் தோட்டத்து மிசின்போல
வெளியே இறைக்கச் சொல்கிற கட்டளையும்
அந்தக் கையில்தான் எழுதியிருக்கிறது.
மருந்து நின்றால் மேலதிகக் கையை
எறிந்துவிடவும் கூடும்.

இன்னொன்றைப் படித்தபோது பேனையை வைத்துவிட்டேன்.
மூன்றெழுத்து: சீ, யூ, ஜீ.
அநேகமாய் எல்லா உயிரும் அதை லியூசின் என்று வாசிக்கும்.
இதுவும் இதன் சொந்தக்காரர் சிலரும்
செரின் என்று வாசிக்கிறார்கள்.
அதுவும் எப்போதும் இல்லை.
நூற்றுக்கு மூன்று தரம்
பழைய வாசிப்புக்கே வழுக்கிப் போகும்.

நான் பிறந்தது மண்டபம் முகாமில்.
வீட்டில் ஆறுதல் என்றால் அவசரமில்லை.
பள்ளிக்கூடத்தில், செத்த வீட்டில் சொல்வது.
"நாளைக்கு ஆறுதலாக் காட்டுறன்" என்றேன், நோட்டைக் கேட்டபோது.
"வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்றார்
இராமநாதபுரத்து டீச்சர்.
பதின்மூன்றில் இங்கே வந்துசேர்ந்தோம்.
எனக்கும் இன்னும்
நூற்றுக்கு மூன்று தரம் வழுக்கும்.

ஆறு இருபத்தைந்து.
முளைத்திருந்தது.
கழுத்து நெரியாத நேர்க்குழாய்கள்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற விரல்கள்போல.
உருண்டையாய் இருக்கும்வரை அது நஞ்சின் பக்கத்தைத் திறப்பதில்லை.
இழையாய் நீண்டபின்தான்,
முப்பத்தொரு மணி கோத்த சின்னச் சங்கிலி,
நம் கலத்தின் தோலை ஓட்டையாக்கும்.
எட்வினுடையது என்னில் முளைத்திருந்தது.
அதற்கு ஆள் பேதமில்லை.
இந்தச் சூடு போதும்.

தொலைபேசியில் சொன்னேன்.
குழாயைக் கழற்றுகிறோம் என்றார் இரவு டொக்டர்.
மற்ற மருந்து இரண்டு நாளுக்குத்தான் இருக்கிறதாம்,
கொழும்புக்கு எழுதியிருக்கிறதாம்.

கதவைத் திறந்தால் அவருடைய மனைவி, ஜசிந்தா,
கையில் பிளாஸ்க்.
ஆய்வுகூடத்து வழியை யார் காட்டினார்களோ.
"என்ன கிருமி, தங்கச்சி?"
நான் சொல்லக்கூடாது. டொக்டர்தான் சொல்லவேணும்.
வாயில் வந்தது:
"ஆறுதலா இருங்கோ அக்கா."

அவ என் முகத்தையே பார்த்தா.
பிறகு வாங்கில் இருந்து
பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தா,
ஊற்றவில்லை.